ரயில்வே கேட்டில் நின்ற கிளட்ச் இல்லாத கார்

2006 அல்லது 2007 ஆக இருக்கும். தீபாவளிக்கு முந்தைய மாதம். சிவகாசியிலிருந்து விருதுநகர் போகும் வழியில், திருத்தங்கல் தாண்டி ஒரு ரயில்வே கேட்டில் நடந்தது இது.

சிறு வயதில் வந்த போலியோவால் என் இடது கால் சூம்பிப் போனது. காலிப்பர் என்ற இரும்புப் பட்டைகள் வைத்த கால் தாங்கியை மாட்டித்தான் நடப்பேன். எங்கள் ஊர் எம். புதுப்பட்டிக்குப் பக்கம். விவசாயக் குடும்பம். எங்கே போவதென்றாலும் அண்ணன்தான் கொண்டுபோய் விட வேண்டும். அப்பா இறந்தபிறகு அவருடைய பழைய சின்னக் கார் ஷெட்டில் சும்மா நின்றது. இடது காலால் கிளட்ச் மிதிக்க முடியாத எனக்கு அது உதவாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

மதுரையில் ஒரு ஒர்க்‌ஷாப்காரர், அதே மாடலில் கியர் போடத் தேவையில்லாத கார்களும் கொஞ்சம் வந்திருக்கின்றன, அதன் கியர்பாக்ஸ் கிடைத்தால் மாற்றிவிடலாம் என்றார். அண்ணனுக்குச் சம்மதமில்லை. "நடுரோட்டுல நின்னுபோனா என்ன செய்வே?" என்று கேட்டான். நான் கேட்கவில்லை.

கோயம்புத்தூரில் விபத்தில் நொறுங்கிய ஒரு காரிலிருந்து கியர்பாக்ஸ் பார்சல் லாரியில் வந்தது. அதைத் தாங்கப் புதிதாகப் பட்டைகள் வெல்டிங் செய்து, வயரிங்கைப் பாதி மாற்றி, சொன்ன நாளைத் தாண்டி ரொம்ப நாள் கழித்து வண்டி கைக்கு வந்தது. கிளட்ச் பெடல் இருந்த இடம் காலியாக இருந்தது. ஊர்க் கண்மாய் வற்றிக் கிடந்தபோது அதற்குள்ளேயே ஓட்டிப் பழகி, லைசென்ஸும் வாங்கினேன்.

அன்று விருதுநகரை ஒட்டிய சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸில் எனக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. மாற்றுத் திறனாளிகளுக்கான இட ஒதுக்கீட்டில் ஒரு எழுத்தர் வேலை. வயது வரம்பு நெருங்கிவிட்டதால் அதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை. பதினோரு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அண்ணன் கூட வருகிறேன் என்றான். வேண்டாம், நானே போகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

காலையிலிருந்தே தூறல். விளக்கு, வைப்பர் இரண்டையும் போட்டுக்கொண்டுதான் ஓட்டினேன். கேட் மூடியிருந்தது. இன்ஜினை மட்டும் நிறுத்திவிட்டு, விளக்கையும் வைப்பரையும் அணைக்காமல் காத்திருந்தேன். ரயில் போய்க் கேட் திறந்ததும் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பின்னால் வரிசையாக ஹாரன்.

நாலைந்து பேர் இறங்கி வந்தார்கள். தண்டவாளத்துக்கு முன்னாலேயே வண்டியை ஓரமாகத் தள்ளினார்கள். அதோடு விடவில்லை.

"தள்ளுறோம்க்கா, செகண்ட் கியர் போட்டு கிளட்ச்சை விடுங்க!"

"இதுல கிளட்ச் இல்லண்ணே. தள்ளினா ஸ்டார்ட் ஆகாது."

ஒருவர் ஜன்னல் வழியாகத் தலையை விட்டுப் பார்த்தார். "ஏலே, நெசமாவே கிளட்ச்சைக் காணோம்லே!" என்று கத்தினார். ஆனாலும் தள்ளினால் ஸ்டார்ட் ஆகாது என்றதை யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. மழையில் நனைந்துகொண்டே கொஞ்ச தூரம் தள்ளிப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்கியபடி விட்டுவிட்டார்கள். அண்ணனுக்குப் போன் செய்தேன். தோட்டத்தில் இருந்தான். "அங்கனயே இரு, வாரேன்" என்றான். அவன் வந்து சேர்வதற்குள் சரிபார்ப்பு முடிந்துவிடும். அழுகை வரவில்லை. சாவியை மறுபடி திருப்பிப் பார்த்தேன், அதே 'டக்'.

வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு பட்டாசு லாரி நின்றிருந்தது. அது என்னைத் தாண்டி, கேட்டைக் கடந்து, வீடுகளையும் டீக்கடையையும் தாண்டிப் போய் வெகு தூரத்தில் நின்றது. அதன் டிரைவர் மழையில் நடந்து திரும்பி வந்தார். ஐம்பது வயது இருக்கும்.

"பேட்டரியா தாயி?"

"ஆமாண்ணே. பதினோரு மணிக்கு கலெக்டர் ஆபீஸ்ல இருக்கணும்."

"லாரியைக் கிட்டக்க நிப்பாட்டி வயர் குடுத்தா நிமிசத்துல முடிஞ்சிரும். ஆனா லோடு பூராம் வெடி. ஒரு பொறி தெறிச்சாப் போதும், இங்கன ஒருத்தரும் மிஞ்ச மாட்டோம். கொஞ்சம் இருங்க."

மறுபடி லாரிக்கு நடந்தார். நான் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் லாரியில் கூட வந்த இன்னொரு டிரைவரும் லாரியின் இரண்டு பேட்டரிகளில் ஒன்றைக் கழற்றினார்கள். தார்ப்பாய் கட்டும் கயிற்றை அதில் சுற்றி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். லாரி பேட்டரி என்ன கனம் இருக்கும் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். நடுவில் இரண்டு தடவை கீழே வைத்துக் கையை உதறிக்கொண்டார்கள். சீசன் நேரத்து லோடு. அந்த பேட்டரியைத் திரும்ப மாட்டினால்தான் அவர்களுடைய லாரியே கிளம்பும்.

ஒரு ஆட்டோக்காரர் கொடுத்த வயரால் அதை என் வண்டியின் பேட்டரியோடு இணைத்தார்கள். சாவியைத் திருப்பியதும் வண்டி உறுமியது. டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்தார். அப்போதுதான் என் காலிப்பரைக் கவனித்திருக்க வேண்டும். ஆனால் கேட்டது வண்டியைப் பற்றித்தான்.

"கிளட்ச் இல்லாம எப்படி ஓட்டுறீக?"

லீவரைத் தள்ளிக் காட்டினேன்.

"அம்புட்டுதானா! எனக்கு மிதிச்சு மிதிச்சு முட்டியே தேஞ்சுபோச்சு தாயி. போற வரைக்கும் இன்ஜினை ஆப் பண்ணிராதீக" என்றார்.

காசு கொடுக்கப் பையைத் திறந்தேன். அதற்குள் இருவரும் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பதினோரு மணி தாண்டித்தான் போய்ச் சேர்ந்தேன். நல்ல வேளையாக என் பெயரை இன்னும் கூப்பிட்டிருக்கவில்லை. வேலை கிடைத்தது. இன்றும் அதில்தான் இருக்கிறேன். கேட்டில் என்னைத் தேடிவிட்டு மத்தியானம் சூலக்கரைக்கு வந்த அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. விருதுநகரில் புது பேட்டரி வாங்கி மாட்டிவிட்டு, "நீ முன்னால போ, நான் பின்னால வாரேன்" என்று மட்டும் சொன்னான்.

அந்த டிரைவரின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. என் அவசரத்தைப் பார்த்து அவர் லாரியைப் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தாலும் அன்று நான் நன்றிதான் சொல்லியிருப்பேன். ஒருவருக்கு உதவப் போகும்போது சுற்றி நிற்கும் மற்றவர்களையும் நினைத்துப் பார்த்து, அதற்கான கனத்தைத் தானே சுமக்க வேண்டும் என்பது, அவர் மழையில் தள்ளாடி நடந்து வந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.