மச்சாளின் வாளியும் என் வெள்ளிச் செடியும்

எங்கள் தீவில், மடத்துவெளியில் கிணற்றுத் தண்ணீர் உப்புச் சவர். குடிக்கத் தண்ணீர்ப் பவுசர் வண்டி வரவேண்டும். அதனால்தான் வெளிநாட்டிலிருக்கும் மகள், தண்ணீர் கேட்காத செடி ஒன்றை வாசலில் வைக்கச் சொன்னாள். யாழ்ப்பாணத்தில் வாங்கி வந்தேன். இலை முழுக்கச் சாம்பல் பூசின மாதிரி வெள்ளி நிறம். வேர் பிடித்த பிறகு தண்ணீர் விட்டால் அழுகிவிடும், மறந்துபோய் இருங்கோ அம்மா என்று விற்றவர் சொன்னார்.

நான் மறந்துபோய் இருந்தேன். பக்கத்து வளவில் இருக்கிற மச்சாள், என் கணவரின் தமக்கை, மறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அரிசி கழுவின தண்ணீரைக்கூட வீணே ஊற்றமாட்டோம். ஏதாவதொரு மரத்தடிக்குத்தான் அது போகும். வாடின மரத்தைக் கண்டும் காணாமல் போகிறவளை ஊர் நல்லவள் என்று சொல்லாது. மச்சாளுக்கு என் செடியின் நிறமே வாட்டமாகத் தெரிந்தது. தன் முருங்கைக்கு விடுகிற தண்ணீரை நாள்தோறும் இதற்குக் கொண்டுவந்து ஊற்றினார்.

முதற்செடி செத்தது. இரண்டாவதும் அப்படியே. கிளறினால் வேர் கறுத்து நாறியது.

"ஒண்டும் செய்யாமல் இருக்கிறதுகூட உங்களுக்கு ஏலாதோ அம்மா?" என்று மகள் போனில் கேட்டாள். நான் மச்சாளைக் காட்டிக்கொடுக்கவில்லை. கலியாணமாகி வந்த நாள்முதல் அவர் முகத்தைப் பார்த்து ஒன்றை வேண்டாமென்று சொல்லிப் பழக்கமில்லை. ஆத்திரம் எனக்குள்ளேயே கிடந்து புழுங்கியது.

மூன்றாவதும் போனால் இனி வாங்கமாட்டேன் என்று மகளிடம் சொல்லிவிட்டுத்தான் நட்டேன். அது வேர் பிடித்ததும், நாலு நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒரு காலை வாய் திறந்தேன்.

"மச்சாள், இதுக்குத் தண்ணி விடாதேங்கோ. செத்துப்போகும்."

அவர் வாளியைக் கீழே வைத்தார். "தண்ணி குடிச்சுச் செத்த மரத்தை நான் இந்தத் தீவில காணேல்லை. உம்மட மரம், நீர் பாரும்."

அதன்பிறகு வாளி வரவில்லை. செடி தழைத்தது. ஆனால் வழக்கமாக வருகிற பின்னேரத் தேநீருக்கும் மச்சாள் வரவில்லை. தண்ணீர் விட்டவள் கொலைகாரியாம் என்று வேலிக்கு அந்தப் பக்கம் கோழிகளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்கும்.

ஒரு மாதம் கழித்து மழை பெய்தது. இரண்டு மூன்று நாளில் இலை தெரியாமல் ஊதாப்பூ. படலை திறந்த சத்தம் கேட்டு ஓடிவந்தேன். மச்சாள், கையில் வாளி, முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீரே, கொஞ்சம் தண்ணி பட்டவுடனை பூத்திட்டுது. பாவம், இவ்வளவு நாளும் தவிச்சிருக்கு."

எட்டி வாளியைப் பிடித்தேன். அவர் விடவில்லை, நானும் விடவில்லை. பாதித் தண்ணீர் எங்கள் கால்களில் ஊற்றுப்பட்டது. கடைசியில் வாளி என் கைக்கு வந்தது. மீதியை வாழையடியில் ஊற்றிவிட்டு, வெறும் வாளியையும் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய்த் தேநீருக்கு வைத்தேன். யன்னலால் பார்த்தால், மச்சாள் இன்னும் செடியடியிலேயே நின்றார்.