பொன்வண்டின் உள்ளிறக்கை

வண்டுகளின் இறக்கை நரம்பை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையில் வண்டு சுலபமாகக் கிடைக்கும். இறக்கைதான் ஒழுங்காகக் கிடைக்காது. கெட்டியான மேல் ஓட்டுக்கு அடியில் சவ்வு போன்ற உள்ளிறக்கை ஒளிந்திருக்கும். அதில் நரம்பு எங்கே வளைகிறது, எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால், எந்த வண்டுக் குடும்பம் எதற்கு உறவு என்று ஓரளவு தெரியும். எண்பதுகளில் ஓசூரில் அறை எடுத்துத் தங்கி, ஆராய்ச்சிப் பட்டத்துக்காக இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். தன் வேலை என்னவென்று வீட்டுக்காரருக்கு விளக்க முடியாமல் விழித்தவர்கள் எல்லோரும் என் கட்சி.

சந்தையில்

சாணி வண்டுக்காகக் குந்தாரப்பள்ளி மாட்டுச் சந்தைக்குப் போவேன். குச்சியால் சாணியைக் கிளறி, உற்றுப் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டு அடுத்ததற்கு நகர்வேன். ஒரு வாரம், நான் நெருங்கினாலே ஆட்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு விலகினார்கள். சாணியைப் பார்த்தே மாட்டின் நோயைச் சொல்லிவிடும் ஆள் என்று பேச்சு பரவியிருந்தது. கடைசியில் ஒரு தரகர் என்னைத் தனியே அழைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "சார், நீங்க மாடு வாங்கினாலும் சரி, வாங்காட்டியும் சரி. நம்ம மாட்டுச் சாணிய மட்டும் கிளற வாணாம்."

கம்பெனி கேட்டில்

சாணி வண்டின் இறக்கை குறுக்கே மடியும். பொன்வண்டின் இறக்கை அப்படி மடியாமல் நீளமாகவே கிடக்கும். என் ஆய்வேடே இந்த ஒப்பீட்டில்தான் நின்றது. பொன்வண்டோ மழைக்குப் பிறகு சில வாரங்கள்தான் தலைகாட்டும். அந்த மழையைத் தவறவிட்டால் என் பதிவுக் காலம் முடிந்து, பட்டமும் போய்விடும். அந்த நேரம் பார்த்து டைபாய்டில் படுத்துவிட்டேன்.

பக்கத்து அறை காதர் பாய் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். காம்பவுண்டு ஓரத்து வேலமரங்களில் பொன்வண்டுகளைத் தானே பிடித்து வைப்பதாகச் சொன்னார். நான் எழுந்து நடமாடி அவர் கேட்டுக்குப் போனபோது சீசன் முடிந்திருந்தது. பெருமையோடு ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தார். உள்ளே எல்லாம் பச்சைப் பசேலென்று மின்னின. ஒன்றின் ஓட்டைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் ஒன்றுமே இல்லை. "பயப்படாதீங்க சார், ஒண்ணுகூட பறந்து போவாது. உள்ள இருந்த சவ்வையெல்லாம் பிச்சிட்டேன்."

நாற்காலி மெத்தைக்கு அடியில்

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிய்த்ததை எங்கே போட்டார் என்று கேட்டேன். நியூஸ்பேப்பரை விரித்து அதன்மேல் பிய்த்துக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் ரவுண்ட்ஸ் வந்தாராம். பேப்பரை அப்படியே மடித்து நாற்காலி மெத்தைக்கு அடியில் செருகி, மேலே உட்கார்ந்துவிட்டாராம். பிறகு அதை மறந்தே போனார். டூட்டி முழுக்க அவர் உட்கார்ந்திருந்தது அதன்மேல்தான். எடுத்துப் பிரித்தேன். வெந்நீரில் ஊறவைத்து ஊசியால் விரித்தாலும் என் கையில் கிழிந்துபோகும் இறக்கைகள், இஸ்திரி போட்ட மாதிரி முழுசாகப் படிந்து கிடந்தன.

என் ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். இறக்கையின் முனையில், எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு நரம்பு. நான் அதற்குப் பெயர்கூட யோசித்து வைத்திருந்தேன். அவர் இறக்கையைத் திருப்பிப் போட்டு மறுபடியும் பார்த்தார். "இது நரம்பில்லப்பா, பேப்பர் மை. கழுவி எடுத்துட்டு வா, பட்டத்துக்கு இது போதும்."

ஆக, பொன்வண்டுக் குடும்பத்தின் பரிணாமத்தைப் பற்றி நான் எழுதியதெல்லாம் காதர் பாய் உட்கார்ந்த இடத்திலிருந்து வந்ததுதான்.