கீழே நின்று சொன்ன பிரசங்கம்

சும்பாத் தீவின் அந்த மேட்டு ஊரில் இந்தோனேசிய மொழி தெரிந்தவர்கள் அப்போது இரண்டே பேர். ஒருத்தி ரம்பு மார்த்தினா. துறைமுகத்து ஆஸ்பத்திரியில் துணி துவைத்த காலத்தில் காதாலேயே கற்றுக்கொண்டவள். இன்னொருவன் அவள் தங்கை யூலியின் புருஷன், சபை மூப்பன் உம்பு மேஹா. குதிரை விற்கப் போன இடத்தில் கற்றவன்.

நகரத்துப் போதகருக்கு ஊர்ப் பேச்சு தெரியாது. அவர் வரும்போதெல்லாம் இந்தோனேசிய மொழியில் பேசுவதை மார்த்தினாதான் ஊர்ப் பேச்சில் சொல்வாள். பெண் பிரசங்க மேடை ஏறக் கூடாதாம். அதனால் கீழே தரையில் நின்று சொல்ல வேண்டும். தொண்டை மட்டும் வேண்டும், கால் மட்டும் ஆகாது! என்ன நியாயமோ. எத்தனையோ வருடம் அப்படியே நின்றாள். ஒருவரும் ஒரு முக்காலிகூடப் போட்டதில்லை.

அந்த மழைக்காலத்தில் மேஹா யூலியின் வலது கையை ஒடித்தான். அவள் அக்கா வீட்டுக்கு ஓடிவந்தாள். ஏணியிலிருந்து விழுந்தாள், வீம்புக்கு ஓடிப்போனாள் என்று அவன் சொன்னான். சபை நம்பியது. கூடப்பிறந்த அண்ணன்மாரும் நம்பினார்கள். நம்பாவிட்டால், அவளுக்குப் பரிசமாக மேஹாவிடம் வாங்கிய குதிரைகள் திரும்பிப் போய்விடுமே!

அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து ஞாயிறன்று போதகர் வந்தார். ஓடிவந்த மனைவி இன்றே புருஷனிடம் திரும்ப வேண்டும் என்று பிரசங்கிக்க மூப்பர்கள் அவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். கோயில் வாசலில் மேஹா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு சிரித்தான்.

"என்ன மதினி, தொண்டை நல்லா இருக்கா? இன்னைக்கு உங்க வாயாலயே அவளை அனுப்பி வைக்கப் போறீங்க."

"நான் மாட்டேன்னா?"

"நான் சொல்றேன். எனக்குந்தான் பாஷை தெரியுமே!"

"உனக்கெதுக்கு தம்பி சிரமம்? நீ உக்காந்து கேளு. நானே சொல்றேன்."

போதகர் கனிவாகத்தான் ஆரம்பித்தார். பொறுமையே மனைவிக்கு நகை என்றார். மார்த்தினா அதே கனிவோடு சொன்னாள்: "கல்லறையிலிருந்து எழுந்த ஆண்டவர் முதல்ல பேசினது ஒரு பொம்பளைகிட்டயாம். ஆம்பளைங்க அன்னைக்குக் கதவைப் பூட்டிக்கிட்டு உள்ள இருந்தாங்களாம்."

மூப்பர் பெஞ்சில் மேஹா நிமிர்ந்து உட்கார்ந்தான்.

பெண்களின் நாக்கைப் பற்றிப் போதகர் வேடிக்கையாக ஒன்று சொன்னார். மார்த்தினா அதை இப்படிச் சொன்னாள்:

"குதிரை குடுத்தேன், அதனால பொண்டாட்டியை அடிப்பேன்னு சிலபேர் இருக்காங்களாம். ஆனா குதிரையை அடிக்க மாட்டாங்களாம். அது திருப்பி உதைக்குமே!"

பெண்கள் பக்கம் கொல்லென்று சிரித்தது. தன் வேடிக்கை எடுபட்டதென்று போதகருக்கு ஒரே பூரிப்பு. பிறகு குரலை உயர்த்தி, வீட்டை விட்டுப் போன மனைவி இன்றே திரும்பட்டும் என்றார்.

மார்த்தினா தங்கையின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள்.

"பொண்டாட்டி கையை ஒடிச்சவன் இன்னைக்குத் திருவிருந்தைத் தொடக் கூடாதுன்னு ஐயா சொல்றார்."

மேஹா துள்ளி எழுந்தான். "பொய்! ஐயா என்னைப் பத்தி அப்படிச் சொல்லவே இல்ல!"

"உன்னைப் பத்தியா? நான் யார் பேரையும் சொல்லலையே தம்பி. உன் பொண்டாட்டி ஏணியில இருந்துதானே விழுந்தா?"

அவன் முகம் செத்துவிட்டது. ஊரே பார்த்திருக்க இனியும் நம்பியதுபோல் நடிக்க முடியாமல் யூலியின் மூத்த அண்ணன் எழுந்து போய் அவன் பக்கத்தில் நின்றான். மேஹா போதகரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அண்ணனின் கை அவன் தோளை இறுக்கியது. மார்த்தினாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் போதவில்லை.

போதகர் மேலிருந்து குனிந்தார். "என்னம்மா ஆச்சு?"

"உங்க பிரசங்கம் நெஞ்சைக் குத்திடுச்சு ஐயா. ஒருத்தர் மனந்திரும்பி எந்திரிச்சிருக்கார்."

போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. மேஹாவை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினார்.

"மகனே, நீ செஞ்ச பாவத்தைச் சபைக்கு முன்னால வாய் திறந்து சொல்லு!"

அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மார்த்தினா ஓர் எழுத்துப் பிசகாமல் ஊர்ப் பேச்சில் சொன்னாள்.