நான் வெட்டிய மண்ணெண்ணெய்க் கயிறு

மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு நிலவிய நாட்களில் குறிஞ்சிப்பிட்டி என்ற மீனவ ஊரில் அபிவிருத்தி உத்தியோகத்தராக எனக்கு முதல் நியமனம். படித்தது சமூகவியல். கூட்டத்தைப் பற்றி ஆரம்பத்தில் எழுதிய அறிஞர்களின் கருத்து எனக்குத் தலைகீழ்ப் பாடம்: கூட்டத்தில் சேர்ந்தவன் சொந்தப் புத்தியை இழப்பான், ஒருவனுடைய வெறி அடுத்தவனுக்குத் தொற்றும். தங்கள் நகரங்களின் கலவரங்களைப் பார்த்து மிரண்டு எழுதியவர்கள் அவர்கள். நானோ ஒன்றையும் பார்க்காமலே மிரண்டிருந்தேன்.

படகு எஞ்சின்களுக்கு எண்ணெய் கொடுக்கப் பவுசர் லொறி வந்தது. சாரதி முதலிலேயே சொல்லிவிட்டார்.

"மிஸ், சண்டை வந்தா எண்ணெயத் திருப்பிக் கொண்டு போயிருவன்."

அப்படிப் போனால் மறுநாள் ஒரு படகும் கடலுக்குப் போகாது.

மீனவர் சங்க வாசலில் கேன்கள் வரிசையாக இருந்தன. எல்லாப் பிடிகளையும் ஒரே நீளக் கயிற்றில் முடிந்திருந்தார்கள். ஆட்கள் தென்னை நிழலில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் கேன் நிரம்பியதும் ஆறேழு பேர் எழுந்து வந்து, கரைவலை இழுப்பதுபோல் கூச்சலிட்டுக் கயிற்றை இழுத்தார்கள். வரிசை முழுவதும் முன்னால் நகர்ந்தது.

வெறி தொற்றத் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். கத்தரிக்கோலை எடுத்து வந்து கயிற்றைக் கண்ட கண்ட இடங்களில் வெட்டினேன்.

"எல்லாரும் கேனை எடுத்துக்கொண்டு அஞ்சு அஞ்சு பேராத் தள்ளி நில்லுங்க" என்றேன். பிரித்தால் புத்தி திரும்பும் என்பது என் கணக்கு. யார் முந்தி, யார் பிந்தி என்று ஊரே கத்தத் தொடங்கியது. சாரதி குழாயைச் சுருட்டினார். நான் சங்க அறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டு, மேசையையும் இழுத்து முட்டுக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. ஜன்னலால் பார்த்தேன். கரைவலைக்காரர் நசீர் நானா கதிரையில் ஏறி நின்றார்.

"ஆரும் முழு வரிசையையும் யோசிக்க வேணாம். உங்களுக்கு முன்னுக்கு ஆர்ர கேன் இருந்திச்சு? அவர்ர தோளப் புடிங்க. அவ்வளவுதான்."

தோள் தோளாக வரிசை பழையபடி சேர்ந்தது. சாரதி குழாயை அவிழ்த்தார். நசீர் நானா என் கதவைத் தட்டினார்.

"மிஸ், தெறங்க. எண்ணெய்க்குக் கையெழுத்துப் போட ஆளில்ல."

"கூட்டம் அடங்கிட்டுதா, நானா?"

"அது வேலை செய்யுது. நீங்க அடங்கிட்டீங்களா?"

தாழ்ப்பாளை எடுத்தேன்; மேசை அசையவில்லை. அதை நகர்த்தவும் அவரே ஜன்னலால் ஆளனுப்பினார்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: சனம் கட்டியதை ஏனென்று கேட்காமல் வெட்டாதீர்கள். அறிஞர்கள் சொன்ன அந்தப் புத்தி கெடுவதை அன்று நானே கண்டேன். கெட்டது ஒருத்திக்குத்தான். அவள் கூட்டத்தில் நிற்கவில்லை. தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தனியாக இருந்தாள்.