வசந்தியின் அம்மா சொன்ன நம்பர்

நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும் என்றில்லை. வேறு யாராவது என்னிடம் வந்து சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய் அடுப்பில் பால் வைக்கிற ஆள் நான். மத்திய சர்க்கார் ஆபீசில் தபால் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவள், காகிதத்தில் இல்லாத எதுவும் நடக்கவில்லை என்பதுதான் எனக்குப் பழகிப்போன நியாயம். எங்கள் வீட்டுக்காரர் சனிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவார், நான் அதற்குக்கூடப் போகமாட்டேன், கால் வலி என்று சொல்லிவிடுவேன்.

டெல்லியில் லக்ஷ்மிபாய் நகரில் தமிழில் பாடம் நடத்தும் பள்ளியில்தான் படித்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் நாங்கள் முப்பத்து நான்கு பேர். பெரும்பாலும் சர்க்கார் குமாஸ்தாக்களின் பிள்ளைகள், ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு ஊர்த் தமிழ், வெளியே வந்தால் எல்லோருக்கும் ஹிந்தி. ரிட்டையர் ஆவதற்கு இரண்டு வருஷம் முன்னால் ரகு என்கிற வகுப்புத் தோழனும் நானும் சேர்ந்து வாட்ஸாப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தோம். ஒருத்தரைப் பிடித்தால் அவர் இன்னொருத்தரைச் சொல்வார், அப்படியே பெங்களூர், கோயம்புத்தூர், மஸ்கட் என்று தேடித்தேடி முப்பத்து மூன்று பேரைச் சேர்த்துவிட்டோம். பிறந்தநாள் வாழ்த்து, பேரன் படம், முழங்கால் ஆபரேஷன், எல்லாம் அதில்தான் வரும். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்திலேயே கூடுவோம், வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பழைய பட்டப்பெயரைச் சொல்லி ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுக்கொள்வோம். அந்த ஒரு நாளைக்காக நான் வருஷம் முழுக்கக் காத்திருப்பேன் என்று சொன்னால் எங்கள் வீட்டுக்காரர் சிரிப்பார்.

சேராத அந்த ஒரு ஆள் வசந்தி.

ரகு ஒவ்வொரு வருஷமும் கேட்பான், வசந்தி கிடைத்தாளா என்று. தேடிக்கொண்டுதான் இருக்கிறேன் என்பேன். அது பொய். இதை எங்கள் வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னதில்லை. வசந்தியை நான் தேடவே இல்லை.

வசந்திதான் எனக்கு உயிர். திருநெல்வேலிக் குடும்பம், கோல் மார்க்கெட் பக்கம் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள், அவள் அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பன்னிரண்டாவது படிக்கும்போது பக்கத்து பிளாக்கில் இருந்த கட்வாலிப் பையன், அதாவது இமயமலைப் பக்கத்துக்காரன், ஒருவனோடு அவளுக்குப் பழக்கம். கடிதம் எல்லாம் என் ஜியாமெட்ரி பாக்ஸில்தான் போய் வரும். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது எனக்கும் அவளுக்கும் ஒரு சின்ன மனஸ்தாபம், ஏதோ ஒரு சினிமாவுக்கு என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று. அந்த வாரம் பஸ் ஸ்டாப்பில் அவள் அப்பா என்னைப் பார்த்து, என்னம்மா, வசந்தி ஒழுங்காகப் படிக்கிறாளா என்று சாதாரணமாகத்தான் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறுநாளே அவளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பரீட்சையே எழுதவில்லை அவள். அவளுடைய ஹால் டிக்கெட் வகுப்பு டீச்சர் மேஜையில் கிடந்ததை நான் பார்த்தேன்.

நான்தான் சொன்னேன் என்பது அவள் அப்பாவையும் என்னையும் தவிர ஒருவருக்கும் தெரியாது என்றுதான் நாற்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். போன ஜனவரி, நாங்கள் கூடுவதற்குச் சரியாக ஒரு வாரம் இருந்தது. இனிப்புக்குச் சொல்வதற்காகக் கோல் மார்க்கெட் போயிருந்தேன். காலை பதினொரு மணி இருக்கும், ஆனால் அப்படி ஒரு பனி, எதிரே வருகிற ஆட்டோ பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிகிறது. கடையில் சொல்லிவிட்டு மந்திர் மார்க் பக்கம் நடந்தால் பஸ் கிடைக்கும் என்று பழைய குவார்ட்டர்ஸ் தெரு வழியாக நடந்தேன். வேண்டுமென்று அந்தத் தெருவுக்குப் போகவில்லை, கால் போய்விட்டது.

வசந்தி வீட்டு வாசலில் அவள் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் நீங்கள் கேட்பீர்கள், அவளுக்கு இப்போது எண்பதுக்கு மேல் ஆகியிருக்காதா, அந்த அப்பா ரிட்டையர் ஆகி வீட்டைக் காலி செய்திருக்க மாட்டாரா என்று. எனக்கு அப்போது தோன்றவே இல்லை. வசந்தியின் தம்பிக்கு வேலை கிடைத்து வீடு அவன் பேருக்கு மாறியிருக்கும் என்று என் சர்க்கார் மூளை ஒரு காரணத்தை அதுவாகவே சொல்லிக்கொண்டது. அத்தை பழையபடியே இருந்தாள், தலை மட்டும் கொஞ்சம் நரைத்திருந்தது.

"கல்யாணிதான? ஏட்டி, அங்கன நின்னு என்னத்தப் பாக்க, உள்ள வா," என்றாள்.

போனேன். முன்னறையில் உட்கார வைத்தாள். காப்பி கொடுத்தாள். சூடு தொண்டையில் இறங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்ததுகூட. எத்தனை பிள்ளைகள், மாப்பிள்ளை எங்கே வேலை என்றெல்லாம் விசாரித்தாள். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கூடப்போகிறோம் என்று சொன்னேன். வசந்தி எங்கே இருக்கிறாள் என்று கேட்க வாய் வரவில்லை. அவளாகவே சொன்னாள்.

"அவ இங்கதாம்ட்டி இருக்கா, டெல்லியில. நம்பர் சொல்லுதேன், போட்டுக்கோ."

ஒரு எண், ஒரு நிறுத்தம், அடுத்த எண் என்று பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல மெதுவாகச் சொன்னாள். நான் போனில் அழுத்திக்கொண்டே வந்தேன். நடுவில் ஒன்று தப்பாக அழுத்திவிட்டேன் போல, அறையின் அந்தக் கோடியில் இருந்தபடியே, எட்டு இல்லட்டி, ஆறு என்றாள். எழுந்து கிளம்பும்போது என் தோளில் கை வைத்தாள்.

"அவங்கப்பாட்ட சொன்னது நீதான்னு அவளுக்கு அன்னைக்கே தெரியும். அதுக்காவ இம்புட்டு வருசமா ஒளிஞ்சுக்கிட்டுத் திரியாத."

நான் எப்படி வெளியே வந்தேன், எப்படி பஸ் ஏறினேன் என்று தெரியாது. வீட்டுக்கு வந்து ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்த நம்பரை அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். ஹலோ என்ற அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிட்டது.

நான் பேரைச் சொன்னேன். "கல்யாணியா? ஒனக்கு இந்த நம்பர் யாரு குடுத்தா?" என்றாள்.

"அத்தைதான். காலைல வீட்டுக்குப் போயிருந்தேன்."

"எந்த வீட்டுக்கு?"

"உங்க வீட்டுக்குத்தான், கோல் மார்க்கெட்ல."

பயப்படுகிற ஒரு பிள்ளைக்குச் சொல்வது போல அவள் மெதுவாகச் சொன்னாள். "கல்யாணி, அம்மா போயி பன்னெண்டு வருசம் ஆச்சு. பாளையங்கோட்டையில வச்சு. இந்த சிம்மு நான் முந்தாநாள்தான் வாங்குனேன். என் மகளத் தவிர ஒருத்தருக்கும் இன்னும் சொல்லல."

மறுநாள் காலையில் அவள் சொன்ன விலாசத்துக்கு, முனிர்காவுக்குப் போனேன். குறுகலான மாடிப்படி, மூன்றாவது மாடியில் ஒரே அறை. அவள் கணவர் போன வருஷம் தவறிவிட்டார், அந்தக் கட்வாலிப் பையன் இல்லை, அவள் ஜபல்பூரில் ஒரு பள்ளியில் வேலைக்குப் போன இடத்தில் பார்த்துக் கட்டிக்கொண்ட மனிதர். அந்தக் கல்யாணத்தோடு அவள் அப்பா அவளைத் தலைமுழுகிவிட்டார். மகளுக்கு இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்ததால் கூட வந்திருக்கிறாள், வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. கதவைத் திறந்தவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்த்தாள்.

"ஒனக்கு நல்லா வயசாயிட்டுல்லா," என்றாள்.

நான் சிரித்தேன், உடனே அழுதுவிட்டேன், நாற்பது வருஷமாகச் சொல்லாததைச் சொன்னேன். அவள் என் கையை விடவே இல்லை. அன்றைக்கு எதிர்ப்புறம் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, நான் அவள் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தாளாம். "ரெண்டு வருசம் கோவமாத்தான் இருந்தேன். பெறவு வேல, பிள்ள, வீடு. கோவிக்கதுக்கு எங்க நேரம்?" என்றாள். இதை யாரிடமாவது சொல்லியிருக்கிறாயா என்று கேட்டேன். அம்மாவிடம்கூட ஒரு சொல் சொன்னதில்லை என்றாள்.

அன்று மதியமே இரண்டு பேரும் கோல் மார்க்கெட் போனோம். பனி இல்லை, நல்ல வெயில். தெரு முனையிலிருந்து நீலத் தகரம் அடித்து அடைத்திருந்தார்கள், இடித்துப் புதுக் கட்டடம் கட்டப்போகிறார்களாம். தகரங்களுக்கு நடுவில் ஒரு ஆள் நுழைகிற இடைவெளி இருந்தது. உள்ளே கதவில்லாத, ஜன்னலில்லாத வீடுகள். வசந்தி வீட்டு முன்னறையில் முழங்கால் உயரத்துக்குப் புல். தண்ணீர் இல்லை, கரண்ட் இல்லை. காவலுக்கு இருந்த பீஹார்காரர் என்னைப் பார்த்ததும் ஹிந்தியில், ஆன்ட்டி, நேற்றும் வந்தீர்களே என்றார். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது, நேற்று இந்த வீட்டில் இன்னொரு அம்மா இருந்தாரே என்றேன். யாரும் இல்லை, அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தீர்கள், முன்பு இங்கே இருந்தவராக இருக்கும், பழைய ஞாபகத்தில் வந்திருக்கிறார் என்று நான் தொந்தரவு செய்யவில்லை என்றார்.

சரி, எனக்குத்தான் மூளை குழம்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், நானும் அப்படித்தான் வைத்துப் பார்த்தேன். ஆனால் நம்பர் என் போனில் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு வசந்தி பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். யார் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, கேட்டில் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் நடுவில் நிறுத்தினேன். ரகுதான் முதலில் கண்டுபிடித்தான். தலையில் அடித்துக்கொண்டு, "இவ ஏன் இவ்ளோ லேட்டா வர்றா, கேளுங்கப்பா," என்றான். அதன் பிறகு நடந்ததைச் சொல்லத் தெரியவில்லை எனக்கு. அறுபது வயதுப் பெண்கள் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் ஒருத்தியைக் கட்டிப்பிடித்தால் எப்படி இருக்கும், அப்படி. ஒருவர் மட்டும், வசந்தி நம்மோடு பரீட்சை எழுதவில்லையே, அவள் நம் பேட்ச்சா என்று விளையாட்டாகக் கேட்டார், அவரை எல்லோரும் சேர்ந்து பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்துவிட்டார்கள். நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டவர்களிடம் தெரிந்தவர் கொடுத்தார் என்றேன். அது பொய் இல்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் உங்களிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

பிப்ரவரி கடைசியில், கம்பளித் துணிகளை மடித்துப் பெட்டியில் வைக்கிற சமயம், வசந்திக்கு ஒத்தாசையாக முனிர்காவுக்குப் போயிருந்தேன். துணியை மடித்துக்கொண்டே, அவ்வளவு நாளும் கேட்காததை அன்றைக்குக் கேட்டாள், அம்மா என்ன கட்டியிருந்தாள் என்று. கத்திரிப்பூ நிறப் புடவை, பச்சைக் கரை, கரையில் சின்னச் சின்னதாக அன்னம் என்றேன். அவள் கையில் இருந்த ஸ்வெட்டரைக் கீழே வைத்தாள்.

கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்து, அடியிலிருந்து ஒரு பார்சலை எடுத்தாள். வெள்ளைத் துணியில் சுற்றி, சுற்றிலும் ஊசியால் தைத்து, தையல் மேல் அரக்கு வைத்த பழைய காலத்துத் தபால் பார்சல். கல்யாணமான பிறகு வந்த முதல் சம்பளத்தில் அம்மாவுக்காக வாங்கி ஜபல்பூரிலிருந்து கோல் மார்க்கெட் வீட்டுக்கு அனுப்பியது. அப்பா வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். வந்தது வந்தபடி வைத்திருக்கிறாள், பிரிக்க மனம் வரவில்லையாம். முப்பத்தைந்து வருஷம் தபால் பிரிவில் இருந்தவள் நான், அந்த அரக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. நீயே பிரி என்றாள்.

கத்திரிப்பூ நிறம், பச்சைக் கரை, அன்னம். கடை லேபிள்கூட முந்தானையில் அப்படியே ஒட்டியிருந்தது. அவள் புடவையைப் பிரித்துக் கரையைத் தடவிக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நின்றுவிட்டாள். பிறகு அந்த ஓரத்தைத் திருப்பி என்னிடம் காட்டினாள். புடவையைக் கட்டுவதற்கு முன்னால் ஓரத்தில் உள்பக்கமாக வைத்துத் தைக்கிற ஃபால்ஸ் துணி தைத்திருந்தது. மெஷின் தையல் இல்லை, கைத்தையல், நெருக்கமாக, ஒரே சீராக.

"நான் தைக்கல கல்யாணி," என்றாள் வசந்தி. "கடையிலேர்ந்து அப்படியே போஸ்ட்டாபீசுக்குத்தான் கொண்டு போனேன்."

வேறு யாராவது சொன்னால், நடுவில் யாரோ பிரித்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் பால் வைக்க எழுந்து போயிருப்பேன். ஆனால் அந்த அரக்கை உடைத்தது என் கை.