ஏழு வளைவுக்கும் கையசைத்த ஃபுசாயோ

சுகதானி கணவாயில் சுற்றுலாப் பேருந்து நின்று பார்க்கும்படி இருப்பது ஒன்றே ஒன்றுதான். எதிரே நிற்கும் ஒனிகுரா மலை. அதுவும் வருடத்தில் நாற்பது நாள் கண்ணில் பட்டால் அதிகம். மற்ற நாளெல்லாம் பனிமூட்டத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடும். அந்த மலைக்காக மன்னிப்புக் கேட்பதுதான் ஃபுசாயோவின் வேலை.

ஊர்ச் சுற்றுலாச் சங்கம் அவளுக்குக் கொடுத்திருக்கும் பதவிக்குப் பெயர் வேறு. பார்வைமேடைப் பொறுப்பாளர். தேநீர் கொடுக்க வேண்டும், கிழங்கு சுட்டு விற்க வேண்டும், கழிப்பறை கழுவ வேண்டும். ஆனால் வந்தவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெள்ளைச் சுவர் மாதிரி நிற்கும் மூட்டத்தை வெறித்துப் பார்க்கும்போது, இடுப்பு வரை குனிந்து மன்னிப்புக் கேட்பாளே, அதில்தான் அவள் கெட்டிக்காரி. என்னவோ விடியற்காலையில் அவளே எழுந்து போய் அந்த மூட்டத்தை விரித்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். வந்தவர்களும் சும்மா இருப்பார்களா? தப்பு தங்கள் மேல்தான், நாள் பார்க்காமல் வந்துவிட்டோம் என்று பதிலுக்குக் குனிவார்கள். பதினைந்து நிமிட நிறுத்தத்தில் ஆறு நிமிடம் இதிலேயே போய்விடும்.

அவள் கடலோர ஊர்க்காரி. பெண் பார்க்க வந்த யசுகிச்சி, தன் வீட்டு வாசலில் நின்றாலே ஒனிகுரா தெரியும் என்று பெருமையடித்திருந்தான். கல்யாணமாகி வந்தவள் அந்த மலையை முதன்முதலில் பார்க்கப் பதினேழு நாள் ஆயிற்று. அதுவரை மாமியார் வீட்டார் தினமும் அவளிடம் மன்னிப்புக் கேட்டார்களாம். தொழிலை அங்கேதான் கற்றுக்கொண்டாள் என்று ஊரில் கேலி செய்வார்கள். யசுகிச்சி போய் எட்டு வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. அறுபத்துமூன்று வயதில் அவளுக்கு மிச்சம் இந்த மேடை, பின்னால் ஒரு சின்னக் கடை, தினம் ஒரு பேருந்து.

வந்தவர்களை வழியனுப்பினால் அவர்கள் கண்ணுக்கு மறையும் வரை நின்று கையசைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, அப்படித்தான். சமவெளிக்காரர்களுக்கு இது சுலபம், தெருமுனை திரும்பினால் ஆயிற்று. சுகதானியிலோ சாலை ஏழு கொண்டை ஊசி வளைவாக இறங்குகிறது. மூட்டமெல்லாம் எதிர்மலையோடு சரி, சாலை பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு வளைவிலும் பேருந்து மறைந்து மறைந்து திரும்ப வரும். ஃபுசாயோ ஏழு தடவையும் இரண்டு கையையும் தூக்கி அசைப்பாள். ஒருத்தி மேலே நின்று அசைக்கும்போது பேருந்தில் இருப்பவர்கள் அசைக்காமல் இருக்க முடியுமா? ஒரு வளைவில் இடப்பக்கத்தார், அடுத்த வளைவில் வலப்பக்கத்தார் என்று முறை வைத்து அசைப்பார்கள். ஏழாவது வளைவு தாண்டும் வரை யாரும் தூங்க முடியாது, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவும் முடியாது. நிறுத்தம் பதினைந்து நிமிடம், வழியனுப்பல் இருபது நிமிடம்.

இப்படியே இருபத்தாறு வருடம் போன பிறகு, அக்டோபர் கடைசியில் பேருந்து நிறுவனத்திலிருந்து நிஷிவாகி என்ற அதிகாரி பயணிகளோடு வந்து இறங்கினார். அடுத்த வருட அட்டவணையில் சுகதானி இருக்குமா, இல்லை கீழே புதிதாகத் திறந்த ஸ்ட்ராபெரித் தோட்டம் வருமா என்று முடிவு செய்வது அவர் கையில் இருந்தது. பேருந்து நிற்காவிட்டால் மேடையை மூடிவிடுவது என்று சங்கம் தீர்மானமே போட்டுவிட்டது. அப்புறம் அந்த மேட்டில் ஃபுசாயோவைப் பார்க்க ஒரு மனித முகம் வராது.

நிஷிவாகி பயணிகளின் கருத்துப் படிவங்களைக் கொண்டுவந்திருந்தார். மலை தெரியவில்லை என்று பாதிப்பேர் எழுதியிருந்தார்கள். மீதிப்பேர் நன்றிதான் எழுதியிருந்தார்கள். அந்த அம்மாள் மிகவும் அன்பானவர், நானும் ஏழு முறை கையசைத்தேன், எனக்குப் போன மாதம்தான் தோளில் அறுவை சிகிச்சை நடந்தது என்கிற மாதிரி நன்றி.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் நிஷிவாகி, படிவங்களைத் தட்டித் தட்டி அடுக்கிக்கொண்டே. "கிளம்பறப்ப ஒரு தடவை கையசைச்சாப் போதும். உங்களுக்கும் சிரமம் இல்ல, அவங்களுக்கும் சிரமம் இல்ல."

அட்டவணை என்ன ஆகும் என்று ஃபுசாயோ கேட்டாள். அவர் பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சிவிட்டு, யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்றார். எங்கள் பக்கத்தில் அதற்கு இல்லை என்று அர்த்தம்.

அன்றைக்கும் மலை தெரியவில்லை. பேருந்து புறப்பட்டபோது ஃபுசாயோ ஒரே ஒரு தடவை கையசைத்துவிட்டுக் கடைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். கை தானாக எழுந்துவிடும் என்ற பயத்தில் இரண்டு கையாலும் ஒரு சூடான சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்தது. கிழங்கைக் கடித்து அதை அடக்கினாள்.

முதல் வளைவில் பயணிகள் கையைத் தூக்கினார்கள். மேடை காலியாக இருந்தது. இரண்டாவது வளைவிலும் காலி. பதினோரு வருடமாக இந்தத் தடத்தில் ஓட்டும் ஓபா வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"அக்கா விழுந்துட்டாங்க போலிருக்கு" என்றான்.

பயணிகள் முப்பத்தெட்டுப் பேரும் எழுந்துவிட்டார்கள். தான்தான் அப்படிச் சொல்லிவிட்டு வந்தேன் என்று நிஷிவாகி வாயைத் திறந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அத்தனை பேர் முன்னால் எந்த மூஞ்சியோடு சொல்வார்? வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேருந்து திரும்பி மேலே ஏறியது.

கதவைத் தள்ளிக்கொண்டு முப்பத்தெட்டுப் பேர் உள்ளே வந்தபோது ஃபுசாயோவின் வாய் நிறையக் கிழங்கு. அப்படியே குனிந்தாள்.

"என்னம்மா ஆச்சு உங்களுக்கு? ஆளையே காணலைன்னதும் எங்களுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல" என்று முன்னால் நின்ற ஒரு மூதாட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஃபுசாயோ நிஷிவாகியைப் பார்த்தாள். அவர் அடுப்போரமாக ஒதுங்கித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விருந்தாளியைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. கிழங்கை விழுங்கிவிட்டு, தோள் வலி என்று ஒரு பொய் சொன்னாள். அவ்வளவுதான், அத்தனை கைப்பைகளும் திறந்துகொண்டன. எங்கள் நாட்டில் அறுபது தாண்டியவர்கள் வீட்டுச் சாவியை மறந்தாலும் வலிக்கு ஒட்டும் மருந்துப் பட்டையை மறக்க மாட்டார்கள். ஆளுக்கொன்றாக அவள் மடியில் போட்டார்கள். இரண்டு பேர் ஒட்டிவிடவே வந்துவிட்டார்கள். நல்ல தோளில் மருந்துப் பட்டை சில்லென்று எரிய, ஃபுசாயோ பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

அப்போதுதான் அவர்கள் தலைகளுக்கு மேலே, ஜன்னலில், மூட்டம் விலகியது. ஒனிகுரா உச்சி முதல் அடிவாரம் வரை, புதுப்பனி போட்டுக்கொண்டு முழுசாக நின்றது. இந்த வருடத்தில் அப்படி ஒரு நாளும் தெரிந்ததில்லை. முப்பத்தெட்டுப் பேரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஃபுசாயோவின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலைப் பார்த்து நின்றவர்கள் இரண்டே பேர், அவளும் நிஷிவாகியும். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனை படிவத்திலும் மலை தெரிந்தது என்று விழும். அவள் வாயைத் திறந்தாள். மூதாட்டி இன்னும் அவள் கையை விடவில்லை. ஃபுசாயோ வாயை மூடிக்கொண்டாள். நாலு நிமிடத்தில் மூட்டம் திரும்பி வந்துவிட்டது.

எல்லோரும் ஏறிய பிறகு நிஷிவாகி மட்டும் படியருகே நின்றார்.

"மலை தெரிஞ்சுதே" என்றார் மெதுவாக. "ஏன்மா யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பியிருப்பாங்க, சார்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அட்டவணைப்படி பேருந்து இந்நேரம் மலையடிவாரத்தைத் தாண்டியிருக்க வேண்டும்.

"அடுத்த வருஷம் பதினஞ்சு நிமிஷம் பத்தாது. இருபத்தஞ்சாப் போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு ஏறினார். ஜன்னலோரமாக இடம் பிடித்து உட்கார்ந்தவர், வண்டி கிளம்புவதற்கு முன்பே கையைத் தூக்கி வைத்துக்கொண்டார்.