மங்களம் பாடிய பிறகு

பட்டு வேட்டியோடு ஜம்பட்டா வீதியில் வேகமாக நடப்பது எளிதல்ல. ஒரு கையில் சுருதிப்பெட்டி, மறுகையில் வேட்டித் தலைப்பு. பின்னால், மண்டபத்து ஒலிபெருக்கி சபையோரை அமைதியாக இருக்கும்படி கெஞ்சிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை வகுப்பு என் கையைவிட்டுப் போயிருந்தது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருகோணமலை, பதுளை, மன்னார் என்று அலைந்து கேள்வி ஞானத்தில் சங்கீதம் பிடித்தவன். கொழும்பில் பாட்டுப் பழக்கப் போனால் தாய்மார் முதலில் கேட்பது குரலை அல்ல, சான்றிதழை. கொட்டாஞ்சேனை மன்றத்தின் செயலாளர் மட்டும் அதைக் கேட்கவில்லை. கச்சேரி நல்லபடி முடிந்தால் மன்றத்தின் சனிக்கிழமைக் குரலிசை வகுப்பு எனக்குத்தான் என்றார். மூன்று மாதமாக ஒரு மாணவரும் இல்லாதவனுக்கு அது பெரிய வாக்கு.

ஐந்தரைக்கு மேடைக்கு ஒரு துண்டுக் கடதாசி வந்தது. பிரதம விருந்தினர் வந்துவிட்டார், முடிக்கவும். நானும் சொன்னபடி மங்களம் பாடி முடித்தேன். வந்தது அவருடைய வாகனமும் சாரதியும்தான். அவர் தெமட்டகொடையில் இன்னொரு விழாவில் பேசிக்கொண்டிருந்தார். சனம் எழும்பத் தொடங்கியது. செயலாளர் ஓடிவந்து, அவர் வரும்வரை இன்னும் நாலு பாட்டுப் பாடச் சொன்னார். மங்களத்துக்குப் பிறகு பாடுவதில்லை என்றேன்.

"அது உமக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். சனத்துக்கு என்ன தெரியும்? பாடும். இல்லையெண்டா வகுப்பை மறந்திடும்."

சாப்பாட்டுக்காக எத்தனையோ விட்டுக்கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு இதில் மட்டும் ஏன் பிடிவாதம் வந்ததென்று இன்றும் தெரியாது. எழுந்து இறங்கிவிட்டேன்.

எனக்கு வாசித்த மிருதங்கக்காரர் ஆட்டோவில் துரத்தி வந்தார். பாடுகிறவர்களுக்குப் புத்தி சொல்லியே தலை நரைத்த யாழ்ப்பாணத்து மனிதர்.

"ஐசே, ஏறும். உமக்கென்ன விசரே? அந்தாள் என்ன, பாட்டுக் கேட்கவே வாறார்? பொன்னாடைக்குத்தானே வாறார்."

"ஓம். அப்ப நான் ஏன் பாடோணும்?"

சொல்லிக்கொண்டே ஏறினேன். வெள்ளவத்தையில் இறக்கிவிடும்போது, பாமன்கடைப் பக்கம் பிரேதங்களை அஞ்சலிக்கு வைக்கும் மலர்ச்சாலை நடத்தும் தன் மச்சானைப் பற்றிச் சொன்னார். அங்கே செத்தவீடுகளில் தேவாரம் பாடிய கிழவர் மகனோடு லண்டனுக்குப் போய்விட்டாராம்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போனேன். மச்சான் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அழுகைச் சத்தத்துக்கு மேலால கேட்குமோ?"

கேட்கும் என்றேன். சவப்பெட்டியின் தலைமாட்டில் ஒரு கதிரை போட்டுத் தந்தார்கள்.